செடி விளக்குக்கு ஏசி லைன்: வட சென்னை வீடுகளுக்கு ஒரு வழிகாட்டி

எங்கள் வீட்டில் துணி உலர்த்தும் இயந்திரம் என்றால் மொட்டைமாடிக் கொடிதான். அதனால், "டிரையர் பிளக்கிலிருந்து செடி விளக்குக்கு மின்சாரம் எடுங்கள்" என்று வீட்டுக்குள் விளக்கொளியில் செடி வளர்க்கும் அமெரிக்கர்கள் வீடியோவில் விளக்கியபோது முதலில் எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. பிறகுதான் தெரிந்தது. அங்கே சாதாரண பிளக்கில் வருவது 120 வோல்ட். துணி உலர்த்திக்கு மட்டும் 240 வோல்ட்டில் 30 ஆம்பியர் தாங்கும் தனி லைன் போட்டிருப்பார்கள். பெரிய விளக்குக்காரர்களின் கண் அந்த லைன்மேல் விழுவதில் வியப்பில்லை.

நமக்கு வீடு முழுவதுமே 230 வோல்ட். அந்த டிரையர் லைனுக்கு ஈடாக நம் வீட்டில் இருப்பது ஏசி லைன், இல்லாவிட்டால் குளியலறை ஹீட்டர் லைன். ஆகவே வீடியோவில் காட்டும் வயர் நிறத்தையும் பிளக் வடிவத்தையும் அப்படியே மறந்துவிடுங்கள். அவர்கள் டிரையர் லைனில் உயிருள்ள கம்பிகள் இரண்டு. நம் லைனில் ஒரு பேஸ், ஒரு நியூட்ரல், ஒரு எர்த். அவர்களிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒரே ஒரு பழக்கம். மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ இடைவிடாமல் ஓடும் சுமையை அந்த நாட்டு விதி தனியாகக் கணக்கிடுகிறது. லைனின் அளவில் 80 சதவீதத்தோடு நிறுத்திக்கொள்ளச் சொல்கிறது. 30 ஆம்பியர் லைனில் 24 ஆம்பியர்தான் ஏற்றலாம். இது எவ்வளவு சரியான பழக்கம் என்பதை ஒரு சாக்கெட்டைக் கருக்கித்தான் கற்றுக்கொண்டேன்.

மீன் வாடை

ராயபுரத்தில் கல்மண்டபத்துக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. கிழக்கே மூன்று மாடி எழும்பியதும் பின்கட்டில் வெயில் நின்றுபோனது. முளைக்கீரை, வெந்தயக்கீரை, தக்காளி நாற்று எல்லாம் வெளிறி, நெட்டையாகி, சாய்ந்தன. எல்இடி விளக்குகள் வாங்கினேன். ஹீட்டருக்கான 16 ஆம்பியர் சாக்கெட்டில் ஒரு மாற்றுப் பிளக்கைச் செருகி, அதில் ஒரு நீட்டிப்புப் பெட்டியை மாட்டி, எல்லா விளக்கையும் அதிலேயே கொடுத்தேன். மொத்தம் 6 ஆம்பியர்கூட இல்லை. 16 ஆம்பியர் சாக்கெட்டுக்கு அது தூசு என்று நினைத்தேன்.

மூன்று வாரம் கழித்து வீட்டில் மீன் வாடை அடித்தது. காசிமேட்டுக்கு இவ்வளவு அருகில் இருந்துகொண்டு மீன் வாடைக்கு யார் மூக்கைத் திருப்புவார்கள்? இரண்டு நாள் யாரும் கண்டுகொள்ளவில்லை. மூன்றாம் நாள் அம்மாதான், "இன்றைக்கு நாம் மீனே வாங்கவில்லையே" என்றார். சாக்கெட்டின் முகம் பழுப்பேறி, பிளக்கின் ஒரு பின் உருகிய பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொண்டிருந்தது. சூடேறிய சாக்கெட்டும் பிளக்கும் பல நேரங்களில் மீன் கவிச்சு போலத்தான் நாறும். நம் பகுதிக்காரர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். நமக்கு அந்த எச்சரிக்கை காதில் விழாது.

வந்து பார்த்த எலக்ட்ரீசியன் அண்ணன் ஒரே வரியில் முடித்தார்: "ஹீட்டர் இருபது நிமிடம் ஓடும் தம்பி. உன் விளக்கு பதினாலு மணி நேரம் ஓடுகிறது."

கணக்கு இதுதான். பின்னும் சாக்கெட்டும் தொடும் இடத்தில் பிடிப்பு தளர்ந்து 0.3 ஓம் தடை உண்டாகிவிட்டது என்று வையுங்கள். 6 ஆம்பியர் ஓடும்போது அங்கே 6 × 6 × 0.3, அதாவது 10.8 வாட் வெப்பம் பிறக்கும். பெயரில் ஜீரோ என்றாலும் பத்து வாட்டுக்கு மேல் இழுக்கும் பழைய ஜீரோ வாட் பல்பு ஒன்றை சாக்கெட்டுக்குள் வைத்து மூடி, நாள் முழுக்க எரியவிட்டதற்குச் சமம். ஆம்பியர் அளவு மீறினால் தானாக விழும் சுவிட்சான எம்சிபிக்கு இது தெரியவே தெரியாது. அது பார்ப்பது ஆம்பியரை மட்டும்தான், 6 ஆம்பியர் அதற்கு ஒரு பொருட்டல்ல. அதே தளர்ந்த சாக்கெட்டில் 2000 வாட் ஹீட்டர் இதைவிட இரண்டு மடங்கு வெப்பத்தை உண்டாக்கியிருக்கும். ஆனால் இருபது நிமிடத்தில் அணைந்து, ஆறிவிடும். கடற்கரையை ஒட்டிய காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் வீடுகளில் உப்புக் காற்று பித்தளையையும் செம்பையும் பச்சைக் களிம்பாக்கிவிடுவதால் இந்தத் தடை இன்னும் சீக்கிரம் ஏறும்.

ஆகவே இனி வரும் படிகளில் நான் வயரைப் பற்றிப் பேசுவதைவிட இணைப்புகளைப் பற்றியே அதிகம் பேசுவேன்.

முதல் படி: இவ்வளவு விளக்கு வேண்டுமா?

பெட்டியில் அச்சிட்ட "1000 வாட்" என்பதை நம்ப வேண்டாம். பல மலிவு விளக்குகள் உண்மையில் இழுப்பது 100 முதல் 200 வாட்தான். பின்பக்கச் சீட்டில் உள்ள 'உள்ளீட்டு மின்சக்தி'யைப் பாருங்கள். அல்லது வாட் காட்டும் மீட்டர் பிளக்கில் மாட்டி அளந்துவிடுங்கள்.

கீரைக்கு எவ்வளவு போதும்? தரமான 240 வாட் எல்இடி ஒன்று, வாட்டுக்கு 2.5 மைக்ரோமோல் (செடிக்குப் பயன்படும் ஒளியை எண்ணும் அளவு) என்ற கணக்கில், வினாடிக்கு 600 மைக்ரோமோல் ஒளி தரும். நான்கடிக்கு நான்கடிப் பரப்பில் அது விழுந்தால், ஓரங்களில் சிதறுவது போக, சதுர மீட்டருக்கு 300-க்குக் குறையாமல் கிடைக்கும். நாளுக்கு 12 மணி நேரம் எரித்தால் சதுர மீட்டருக்கு சுமார் 13 மோல் (ஒரு மோல் என்பது பத்து லட்சம் மைக்ரோமோல்). கீரைக்கு இது நன்றாகவே போதும். தக்காளியைக் காய்க்க வைப்பது வேறு கதை. நாற்றுவரை உள்ளே வளர்த்து, பிறகு மாடிக்கு ஏற்றிவிடுவதுதான் நமக்குக் கட்டுப்படியாகும்.

கட்டுப்படி என்றதும் நினைவுக்கு வருகிறது. நான்கு விளக்கு, ஆளுக்கு 240 வாட், மொத்தம் 960 வாட், நாளுக்கு 14 மணி நேரம்: ஒரு நாளைக்கு 13.4 யூனிட். நம் பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருவது. 60 நாளில் 806 யூனிட். முதல் 100 யூனிட் இலவசம் என்ற ஆறுதல் இதில் எங்கே போகும் என்று சொல்ல வேண்டியதில்லை, மேலே போகப்போக யூனிட் விலையும் ஏறும். எனக்கு முதல் பில் வந்த அன்றே இரண்டு விளக்கு பரணுக்குப் போய்விட்டது. விற்பனைக்கு வளர்க்கும் எண்ணம் இருந்தால், வீட்டு இணைப்பில் அதைச் செய்யலாமா என்று உங்கள் பகுதி மின்வாரிய அலுவலகத்தில் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

இரண்டாம் படி: லைனைத் தலைமுதல் கால்வரை பார்ப்பது

ஏசி லைன் என்று பெயர் இருந்தால் மட்டும் அது தனி லைன் ஆகிவிடாது. வீட்டின் எல்லா லைனும் பிரியும் டிபி பெட்டியில் அந்த லைனின் எம்சிபியை இறக்குங்கள். பிறகு வீடு முழுக்க ஒரு சுற்று வாருங்கள். அதனுடன் சேர்ந்து ஹாலில் ஒரு டியூப்லைட்டோ சமையலறை மிக்ஸி பாயின்ட்டோ அணைந்தால், யாரோ நடுவழியில் ஒட்டுப் போட்டிருக்கிறார்கள். வண்ணாரப்பேட்டை, சௌகார்பேட்டைப் பக்கத்துப் பழைய வீடுகளில், மரப் பட்டைக்குள் ஓடும் வயரில் இப்படி எத்தனை ஒட்டு இருக்கிறது என்பது அந்த வீட்டுக்கு மூன்று தலைமுறையாக வந்துபோன எலக்ட்ரீசியன்களுக்கே வெளிச்சம். அத்தகைய வீட்டில் பழைய லைனைத் தொடவே தொடாதீர்கள். டிபியிலிருந்து புதிதாக ஒரு லைன் இழுத்துவிடுவதுதான் மலிவு.

வயரின் கனம் அடுத்தது. கடையில் 'ஒன்றரை', 'இரண்டரை', 'நாலு' என்று சொல்வதெல்லாம் செம்பின் குறுக்குவெட்டு, சதுர மில்லிமீட்டரில். விளக்கு, ஃபேனுக்கு ஒன்றரை. 16 ஆம்பியர் பவர் பிளக்குக்கு இரண்டரை. ஏசிக்கும் ஹீட்டருக்கும் நாலு என்பது பொதுவான நடைமுறை. சுவரில் பைப்புக்குள் ஓடும் பிவிசி வயர், சுற்றுவெப்பம் 30 டிகிரியாக இருந்தால், இரண்டரையில் 24 ஆம்பியரும் நாலில் 32 ஆம்பியரும் தாங்கும். நம் ஊரில் மே மாதம் மொட்டைமாடிக்கு அடியில் ஓடும் பைப்புக்குள் 30 டிகிரி ஏது? 45 டிகிரி என்று வைத்தால் 0.79-ஆல் பெருக்க வேண்டும்: இரண்டரை 19 ஆம்பியர், நாலு 25 ஆம்பியர். இரண்டரை வயருக்கு 16 ஆம்பியர் எம்சிபி, நாலுக்கு 20 ஆம்பியர் என்று வைத்துக்கொண்டால் கோடையிலும் மூச்சுவிட இடம் இருக்கும். இரண்டரை வயர்மேல் 32 ஆம்பியர் எம்சிபி உட்கார்ந்திருந்தால், முன்பு யாரோ "அடிக்கடி விழுகிறது" என்று பெரிதாக மாற்றிவிட்டுப் போயிருக்கிறார்கள். முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

இப்போது சுமை. 960 வாட்டை 230-ஆல் வகுத்து, பவர் ஃபேக்டர் (இழுக்கும் மின்சாரத்தில் உண்மையில் வேலைக்கு ஆகும் பங்கு) 0.95-ஆலும் வகுத்தால் 4.4 ஆம்பியர். 20 ஆம்பியர் லைனில் 80 சதவீதம் 16 ஆம்பியர். இடம் தாராளமாக இருக்கிறது. ஆனால் அதே லைனில் ஏசியையும் சேர்த்து ஓட்டலாம் என்று கணக்குப் போடாதீர்கள். செடிக்கா ஏசிக்கா என்று முடிவு செய்து, ஒன்றைக் கழற்றிவிடுங்கள்.

மூன்றாம் படி: எர்த் இருக்கிறதா?

செடி விளக்கின் உடல் அலுமினியம். கீழே ஈரமண், கையில் தண்ணீர் தெளிப்பான், காலில் செருப்பு இருக்காது. இங்கே எர்த் இல்லாமல் ஒரு அடிகூட எடுத்து வைக்கக் கூடாது.

மல்டிமீட்டரில் பேஸுக்கும் எர்த்துக்கும் இடையே, பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே உள்ளதற்குச் சமமாக, 230-ஐ ஒட்டி வர வேண்டும். குறைவாக வந்தாலோ ஆடிக்கொண்டிருந்தாலோ எர்த் எங்கோ அறுந்திருக்கிறது. சரியாக வந்தாலும் மகிழ்ந்துவிடாதீர்கள். சாக்கெட்டைத் திறந்தால், எர்த் முனையையும் நியூட்ரல் முனையையும் ஒரு துண்டு வயரால் இணைத்திருக்கும் திருட்டு வேலையைச் சில வீடுகளில் பார்க்கலாம். மீட்டரில் எல்லாம் சரியாகத் தெரியும். என்றாவது நியூட்ரல் அறுந்தால் விளக்கின் உடல் முழுக்க 230 வோல்ட் ஏறி நிற்கும். எர்த் குழியின் தடையை அதற்குரிய கருவி வைத்து அளக்க வேண்டும். அது எலக்ட்ரீசியனின் வேலை.

எர்த் பின் இல்லாத இரண்டு பின் விளக்கை, உலோக உடலோடு, யாராவது இலவசமாகத் தந்தாலும் வாங்காதீர்கள்.

நான்காம் படி: நடுவே ஒரு சிறிய பெட்டி

நான் முதலில் செய்த பெரிய பிழை இங்கேதான். விளக்கோடு வரும் மெல்லிய கேபிள் முக்கால் அல்லது ஒரு சதுர மில்லிமீட்டர் கனம். அதை 20 ஆம்பியர் எம்சிபி காவல் காக்கும் லைனில் நேராகக் கொடுத்தால், கேபிளில் 15 ஆம்பியர் ஓடிக் கொதித்தாலும் எம்சிபி அசையாது. காவல்காரன் யானைக்கு வைத்த ஆள். எலி ஓடுவது அவன் கண்ணில் படாது. அமெரிக்கர்களும் டிரையர் பிளக்கிலிருந்து நேராக விளக்குக்குப் போவதில்லை. நடுவில் சிறிய பிரேக்கர்கள் கொண்ட பெட்டி ஒன்று வைக்கிறார்கள்.

நம் பெட்டிக்கு வேண்டியவை பாரிமுனையைச் சுற்றியுள்ள மின்பொருள் கடைகளில் ஒரே நடையில் கிடைத்துவிடும். கதவுள்ள எட்டு வழி உலோக டிபி பெட்டி ஒன்று. உள்ளே வரும் லைனுக்கு பேஸ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்து வெட்டும் 16 ஆம்பியர் எம்சிபி. அதை அடுத்து 25 ஆம்பியர், 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி, அதாவது மின்சாரம் கசிந்தால் உடனே வெட்டிவிடும் சுவிட்ச். பிறகு ஒவ்வொரு விளக்குக்கும் 6 ஆம்பியர் எம்சிபி. ஆர்சிசிபியைத் தாண்டிய நியூட்ரலுக்குத் தனிப் பட்டை வேண்டும். வீட்டின் மற்ற நியூட்ரலோடு அது எங்கும் கலக்கக் கூடாது. கலந்தால் விளக்கைப் போட்ட நொடியே ஆர்சிசிபி விழும், காரணம் தேடி ஒரு ஞாயிறு வீணாகும்.

எம்சிபி வாங்கும்போது 'பி'யா 'சி'யா என்று கடைக்காரர் கேட்பார். 'சி' என்று சொல்லுங்கள். எல்இடிக்கு ஏற்றபடி மின்சாரத்தை மாற்றித் தரும் டிரைவர் பெட்டி விழித்தெழும்போது, ஒரு மில்லி வினாடிக்கும் குறைவான நேரம், பல பத்து ஆம்பியரை உறிஞ்சும். 'பி' வகை மூன்று முதல் ஐந்து மடங்கிலேயே விழுந்துவிடும். 'சி' வகை ஐந்து முதல் பத்து மடங்குவரை பொறுக்கும்.

இதே காரணத்தால்தான் கைக்கடக்கமான பிளக் டைமர்கள் சில மாதத்தில் ஒட்டிக்கொண்டு அணையாமல் நின்றுவிடுகின்றன. அவற்றின்மேல் 16 ஆம்பியர் என்று எழுதியிருப்பது ஹீட்டர் போன்ற சுமைக்கு. டிரைவர்களின் திடீர் இழுப்புக்கு அல்ல. பெட்டிக்குள் ஒரு 25 ஆம்பியர் கான்டாக்டர், அதாவது காந்தச் சுருளால் இயங்கும் கனமான சுவிட்ச், வைத்து, டைமர் அந்தச் சுருளை (காயிலை) மட்டும் இயக்கும்படி செய்யுங்கள். கொளத்தூரில் வண்ணமீன் தொட்டி வைத்திருப்பவர்களைக் கேட்டுப்பாருங்கள். டைமர் ஒட்டிக்கொண்ட கதை அவர்களிடம் கட்டாயம் இருக்கும்.

டிபிக்குள்ளும் இந்தப் பெட்டிக்குள்ளும் கை வைப்பது உங்கள் வேலை இல்லை, என் வேலையும் இல்லை. தமிழ்நாடு மின் உரிமம் வழங்கும் வாரியத்தின் வயர்மேன் தகுதிச் சான்று உள்ளவரை அழையுங்கள். அவர் அருகில் நின்று நீங்கள் வற்புறுத்த வேண்டியது சில உண்டு: பல இழைகள் கொண்ட பிரிவயரின் முனை ஒவ்வொன்றிலும் லக்கு (இழைகளைச் சேர்த்துப் பிடிக்கும் உலோக முனை) போட்டு அழுத்த வேண்டும், முறுக்கி, டேப் சுற்றிய ஒட்டு ஒன்றுகூட இருக்கக் கூடாது, திருகை முறுக்கியபின் வயரை ஒருமுறை இழுத்துப் பார்க்க வேண்டும். ஹீட்டரின் பழைய சாக்கெட்டை எடுத்துவிட்டு, லைனை நேராகப் பெட்டியின் முனையில் முடித்துவிடச் சொல்லுங்கள். பதினாலு மணி நேரச் சுமைக்கு நடுவில் ஒரு பிளக் குறைந்தால் ஒரு கவலை குறைந்தது. "எதற்குத் தம்பி இதெல்லாம்" என்று சிலர் சலித்துக்கொள்வார்கள். டீ வாங்கிக் கொடுத்துப் பொறுமையாக நில்லுங்கள்.

இடம்

செடித் தட்டுகளுக்கு நேர் மேலே பெட்டி வேண்டாம். வேறு சுவரில், தோள் உயரத்தில் மாட்டுங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் எங்கள் பின்கட்டில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. தரையோரத்தில் கிடந்த டிரைவர்கள் இரண்டும் போயின. விளக்குக்கு இறங்கும் கேபிள் ஒரு தொய்வு விட்டு, அதாவது இணைப்பைவிடக் கீழே இறங்கி மேலே ஏறும்படி இருக்கட்டும். வழியும் தண்ணீர் அந்தத் தொய்விலேயே சொட்டிவிடும்.

ஒளியைத் திருப்ப வெள்ளிக் காகிதம் ஒட்டிய தெர்மகோலைச் சுற்றி வைப்பது இங்கே பரவலாக இருக்கிறது. அது எரியவும் எரியும், மின்சாரத்தைக் கடத்தவும் கடத்தும். சுவருக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தால் போதும்.

முதல் நாள்

விடுமுறை நாளின் காலையில் தொடங்குங்கள். தூங்கப் போகும் நேரத்தில் வேண்டாம். ஆர்சிசிபியின் சோதனைப் பொத்தானை அழுத்துங்கள். உடனே விழ வேண்டும். பிறகு விளக்குகளை ஒவ்வொன்றாகப் போட்டு, வயரைச் சுற்றிப் பிடித்தே ஆம்பியர் காட்டும் கிளாம்ப் மீட்டரைப் பேஸ் வயரில் மாட்டி எலக்ட்ரீசியனிடம் காட்டச் சொல்லுங்கள். 4.4 வர வேண்டிய இடத்தில் 6 வந்தால் விளக்குச் சீட்டு பொய் சொல்லியிருக்கிறது.

ஒரு மணி நேரம் கழித்துப் பெட்டியின் கதவு, ஒவ்வொரு பிளக், கேபிள் நெடுகிலும் புறங்கையை வைத்துப் பாருங்கள். மூன்று மணி நேரம் கழித்து மறுபடியும். வெதுவெதுப்பு பரவாயில்லை. கையை வைத்திருக்க முடியாத சூடு எங்காவது ஒரே ஒரு புள்ளியில் இருந்தால், அந்த எம்சிபியை இறக்கிவிட்டு, எலக்ட்ரீசியனை அழைத்து அந்தத் திருகைத்தான் பார்க்கச் சொல்ல வேண்டும். டிரைவர் மட்டும் விதிவிலக்கு. அது சூடாகத்தான் இருக்கும், சுற்றிலும் காற்றோட இடம் விடுங்கள். விளக்கு உண்ணும் 960 வாட்டும் கடைசியில் அறைக்குள் வெப்பமாகவே முடிகிறது. அதனால் கோடையில் டைமரை மாலை ஆறு மணிக்குத் தொடங்கி காலை எட்டு மணிக்கு முடியும்படி திருப்பிவிடுவேன். இரவு முழுக்க ஓடும் அந்த ஏற்பாட்டுக்குப் போகும் முன் ஒரு வாரமாவது பகலில் ஓட்டிப் பார்த்துவிடுங்கள். பெட்டி இருக்கும் அறையில் ஒரு புகை எச்சரிக்கைக் கருவியும் மாட்டிவிடுங்கள்.

அதன்பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை மெயினை இறக்கி, திருகுகளை முறுக்கச் சொல்லி, களிம்பு பிடித்த முனையை வெட்டிப் புதிதாக லக்கு போடச் சொல்லுகிறேன். ஆர்சிசிபி பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்துவதற்குப் பால்காரருக்குக் கணக்கு முடிக்கும் நாளை வைத்திருக்கிறேன். மீன் வாடை அடித்தால், அன்றைக்கு வீட்டில் மீன் வாங்கினோமா என்று முதலில் அம்மாவைக் கேட்கிறேன்.